எல்லை தாண்டினால் மனசு மாறுமா?

வெளிநாடு போய் வந்தாலே பார்வை விரிந்துவிடும் என்று நானும் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இலேயே சொல்லிவிட்டார்: வெவ்வேறு கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் சும்மா பார்த்துக்கொண்டால் போதாது, சமமாக நின்று, ஒரே நோக்கத்துக்காகச் சேர்ந்து உழைக்கும்போதுதான் வெறுப்பு கரையும். சுற்றுலாப் பேருந்தின் ஜன்னல் வழியே அது நடக்காது.

1987-இல் ஐரோப்பாவில் தொடங்கிய எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத்தையே பாருங்கள். போகிற பல்கலைக்கழக மாணவர்களில் பலர் ஏற்கெனவே ஐரோப்பிய ஒற்றுமையை விரும்புகிறவர்கள். அவர்களிடம் பெரிய மாற்றம் தெரியவில்லை என்கின்றன சில ஆய்வுகள். யாருக்கு அந்த அனுபவம் அதிகம் தேவையோ, அவர்களுக்குத்தான் போக வழி குறைவு! இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

பல்கலைக்கழகம் போகாத தொழிற்பயிற்சி மாணவர்களும் அப்படிப்பட்டவர்கள்தான். அவர்களுக்கான தனிப் பரிமாற்றத் திட்டத்தை 2014-இல் எராஸ்மஸோடு இணைத்தார்கள். இன்னும் நிறையப் பேர் அந்த வழியில் போகவேண்டும்.