உலக உணவுத் திட்டத்தின் தலைமைப் பொறுப்பு

ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்துக்குச் செயல் இயக்குநரை நியமிப்பவர்கள் இருவர்: ஐ.நா. பொதுச்செயலாளரும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் (எஃப்ஏஓ) தலைமை இயக்குநரும். பதவிக்காலம் 5 ஆண்டு.

1992-இல் பொறுப்பேற்ற கேத்தரின் பெர்ட்டினி, அமெரிக்க வேளாண் துறையில் உணவு உதவித் திட்டங்களைக் கவனித்தவர். பெண்கள் கையில் கொடுத்தால்தான் உணவு அடுப்புக்குப் போய்ச் சேரும் என்று உறுதியாக நின்றார். அந்தப் பதவியில் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த முடிவு அதுதான் என்பேன்.

தலைவரின் பெரும்பாடு பணம் திரட்டுவது. நிரந்தர ஒதுக்கீடு கிடையாது. எல்லாம் விருப்ப நன்கொடை. அதிலும் பெரும்பகுதி 'இந்த நாட்டுக்கு மட்டும்' என்ற நிபந்தனையோடுதான் வரும்.

முழுப் பங்கீடு ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 2,100 கிலோகலோரி: தானியம் 400 கிராம், பருப்பு 60, சத்துமாவு 50, எண்ணெய் 25, சர்க்கரை 15, கொஞ்சம் உப்பு. பணம் தாமதித்தால் முதலில் சுருங்குவது இந்த அளவுதான். கிடங்கு காலியான பிறகு பணம் வந்தாலும், கப்பலில் தானியம் வந்து சேர மாதங்கள் ஆகும்.