இன்னொரு சபை நம் கேம்பஸாக மாறும்போது

அமெரிக்காவில் ஒரே நிர்வாகத்தின் கீழ் பல கேம்பஸ் (அதாவது, வெவ்வேறு இடங்களில் ஆராதனைக் கிளைகள்) வைத்து நடத்தும் சுவிசேஷ சபைகள் புது ஊருக்குப் போக இரண்டு வழி உண்டு. பள்ளி அரங்கத்தை வாடகைக்கு எடுத்து ஞாயிறுதோறும் ஸ்பீக்கரை ஏற்றி இறக்குவது ஒன்று. ஆள் குறைந்து, கட்டடத்தை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருக்கும் சபையைத் தன்னோடு சேர்த்துக்கொள்வது இன்னொன்று. ஓக்லஹோமாவின் லைஃப் சர்ச் 2001-ல் மெட்ரோசர்ச்சோடு இணைந்தபோதுதான் பல கேம்பஸ் சபையானது. மிஷிகனில் உட்சைடு பைபிள் சர்ச் இப்படிப் பல சபைகளைச் சேர்த்தே வளர்ந்தது. இணைப்புக் குழுவில் இருந்து காகித வேலையைப் பார்த்தவர்களாக, எது எங்கே சிக்கும் என்று எழுதுகிறோம்.

முதல் பேச்சிலேயே தெளிவாக்க வேண்டியது, எந்தச் சபை மறையப்போகிறது என்பது. "இருவரும் சேர்ந்து புதிதாக ஒன்றைத் தொடங்குகிறோம்" என்று மேடையில் சொல்வது கேட்க இதமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் சின்னச் சபையின் பெயரும் அதை நிர்வகிக்கும் மூப்பர் குழுவும் பட்ஜெட்டும் போய்விடும். இதை மழுப்பினால் வாக்கெடுப்பில் ஜெயித்துவிடலாம். அடுத்த சில மாதங்களில் குடும்பம் குடும்பமாகப் போய்விடுவார்கள். விசுவாச அறிக்கை இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். மோதல் வருவது நடைமுறையில்: பெண்கள் பிரசங்கிக்கலாமா, மறுமணம் செய்துவைப்பார்களா, திருவிருந்து வாரந்தோறுமா மாதம் ஒருமுறையா. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி ஆளுகை. கம்பளம் மாற்றுவதற்குக்கூட சபைக்கூட்டத்தில் கை தூக்கிப் பழகியவர்கள், இனி மூப்பர்கள் முடிவெடுத்து அறிவிப்பார்கள் என்பதை வாக்களிக்கும் முன்பே எழுத்தில் பார்த்திருக்க வேண்டும். போதகருக்கு எந்தப் பொறுப்பு, மிஷனரிகளுக்கான ஆதரவு எத்தனை மாதம் தொடரும் என்பதும் அதே தாளில் வரட்டும்.

அடுத்தது பத்திரம். டைட்டில் கம்பெனியிடம் (சொத்துரிமையைச் சரிபார்க்கும் நிறுவனம்) வில்லங்கம் பார்க்கச் சொன்னால் மட்டும் போதாது. மூலப் பத்திரத்தை ஒருவர் உட்கார்ந்து முழுக்க வாசிக்க வேண்டும். "பாப்திஸ்து ஆராதனைக்குப் பயன்படாமல் போனால் நிலம் கொடுத்தவரின் வாரிசுகளுக்குத் திரும்பும்" என்பதுபோல ஒரு வரி பழைய தானப் பத்திரங்களில் இருக்கலாம். யுனைடெட் மெதடிஸ்ட், எபிஸ்கோப்பல் போன்ற திருச்சபைப் பிரிவுகளில் உள்ளூர்ச் சபையின் கட்டடம் அந்தப் பிரிவுக்கான டிரஸ்டாகவே (அறக்கட்டளைச் சொத்தாகவே) கருதப்படுகிறது. சபையார் மட்டும் வாக்களித்து அதைத் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. 1979-ல் ஜோன்ஸ் எதிர் உல்ஃப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், உபதேசத்துக்குள் நுழையாமல் பத்திரத்தையும் விதிகளையும் வைத்தே சபைச் சொத்துத் தகராறைத் தீர்க்கலாம் என்றது. ஆகவே வாய்ப்பேச்சை நம்பாமல் காகிதத்தைப் பாருங்கள்.

சட்டப்படி இணைவதிலும் இரண்டு பாதை. மாநிலச் செயலர் அலுவலகத்தில் இணைப்பு ஆவணம் பதிந்தால் சொத்தோடு கடனும் வழக்கும் சேர்ந்தே வரும். சொத்தை மாற்றிக் கொடுத்துவிட்டுப் பழைய சபையைக் கலைப்பது மற்றது. கடன் தீர்த்து மீந்தது பொதுவாக இன்னொரு 501(சி)(3) அமைப்புக்கு, அதாவது வரிவிலக்கு பெற்ற தொண்டு அல்லது சமய அமைப்புக்கு, போக வேண்டும். இரண்டாவது பாதையில் பழைய பொறுப்பு ஒட்டாது என்று சிலர் நம்புகிறார்கள். சிறுவர்களுக்கு எதிரான பழைய குற்றச்சாட்டு ஒன்று பின்னாளில் எழுந்தால் நீதிமன்றம் அப்படிப் பார்க்கும் என்று உத்தரவாதமில்லை. அலுவலக அலமாரியில் மஞ்சளேறிக் கிடக்கும் பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளைக் குப்பையில் போடாதீர்கள். சம்பவம் நடந்த ஆண்டின் பாலிசியே பணம் தரும் வகை அதில் இருக்கலாம்.

வாக்கெடுப்பில் சறுக்குவது கோரத்தில், அதாவது கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆள் கணக்கில். அங்கத்தினர் பட்டியலில் இறந்தவர், வெளியூர் போனவர் பெயரெல்லாம் இருக்கும். அந்த எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டால் கோரம் சேராது, கூட்டமே செல்லாது. விதிகள் அனுமதிக்கும் முறையில் பட்டியலை முதலில் சுத்தம் செய்யுங்கள். அதையும் அவசரமாகச் செய்தால் எதிர்ப்பவர்களைக் கழித்துவிட்டதாகப் பேச்சு வரும். அறிவிப்புக் காலம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விதி மூன்றில் இரண்டு பங்கு கேட்டாலும், அதை மயிரிழையில் தாண்டினால் தள்ளிப்போடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

பணத்தில் தவறுவது சின்ன விஷயங்களே. போதகரின் வீட்டுச் செலவுக்கான படித்தொகையைப் புதிய மூப்பர் குழு முன்கூட்டியே தீர்மானமாக எழுத வேண்டும். பிறகு எழுதி முன்தேதி போட்டால் வருமானவரிச் சலுகை கிடைக்காது. ஆர்கன் பழுதுக்கென்று கொடுத்த காணிக்கை அந்த நோக்கத்தோடுதான் கைமாறும், அதை எடுத்து சவுண்ட் மிக்ஸர் வாங்க முடியாது. சொத்துவரி விலக்கும் பல இடங்களில் தானாக வராது, புது உரிமையாளர் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அலுவலகத்தில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். கட்டடத்தின் மேல் கடன் இருந்தால் வங்கியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பெயர் மாற்றாதீர்கள்.

வாக்கு முடிந்ததும் அடுத்த ஞாயிறே பலகையை மாற்றும் ஆசை வரும். பழைய ஆராதனையை நன்றிக் கூடுகையோடு முறையாக முடித்து, சில வாரம் கதவை மூடி, மின்வயரிங், குழந்தைகள் அறை, திரை எல்லாம் சரிசெய்து, அருகிலுள்ள கேம்பஸிலிருந்து ஒரு குழுவை அழைத்துவந்து திறப்பதே எடுபடுகிறது. மூடாமல் தொடர்ந்தால் பழைய கூட்டமே புதுப் பெயரில் உட்கார்ந்திருக்கும். பெஞ்சில் பதித்த பித்தளைப் பெயர்த்தகடுகளைக் கழற்றுமுன் அந்தந்தக் குடும்பத்துக்குப் போன் செய்யுங்கள். போன மாதம் இணைப்புக்கு வாக்களித்தவரே, அம்மா பெயர் பொறித்த தகடு குப்பைத்தொட்டியில் கிடப்பதைப் பார்த்தால் திரும்பி வரமாட்டார்.

பிரிவதற்கான ஷரத்தைக் கேட்க யாருக்கும் மனம் வராது. சியாட்டிலின் மார்ஸ் ஹில் சபை 2014 இறுதியில் கலைந்தபோது அதன் கேம்பஸ்கள் பல தனிச் சபைகளாயின. டெக்சஸின் வில்லேஜ் சர்ச் தன் கேம்பஸ்களைத் தனித்தனிச் சபைகளாக்க 2017-ல் முடிவெடுத்தது. அப்படி ஒரு நாள் வந்தால் கட்டடம் யாருக்கு, மீதிக் கடனை யார் கட்டுவது, எந்தக் குழு தீர்மானிக்கும் என்ற மூன்றையும் இணைப்பு ஒப்பந்தத்திலேயே எழுதி, இரு தரப்பு வழக்கறிஞரும் தனித்தனியாகப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.