பிளாஸ்மினோஜன் இல்லாத எலிகளோடு பட்ட பாடு

ரத்தக்கட்டி எப்படிக் கரைகிறது என்று பார்க்க நாக்அவுட் எலி (ஒரு ஜீனை வேண்டுமென்றே நீக்கிய எலி) வாங்குவது என முடிவானதும், லேபில் முதலில் அடிபட்ட பெயர் டிபிஏ. பக்கவாதம் வந்தவுடன் ஊசியில் ஏற்றுகிறார்களே, கட்டியைக் கரைக்க உதவும் அதே புரதம்தான். ஆனால் டிபிஏ மட்டும் இல்லாத எலியும், அதே வேலையைச் செய்யும் யூபிஏ என்ற புரதம் மட்டும் இல்லாத எலியும் பெரிய தொந்தரவில்லாமல் வளர்ந்து குட்டி போடும் என்று 1994-லேயே கார்மெலியட் குழு காட்டிவிட்டது. ஒன்று இல்லாவிட்டால் மற்றது சமாளித்துக்கொள்கிறது. இரண்டும் போய் வேலை செய்வது பிளாஸ்மினோஜன் என்ற ரத்தப் புரதத்தின் மேல். அது பிளாஸ்மினாக மாறித்தான் கட்டியிலுள்ள ஃபைப்ரின் என்ற புரத வலையை வெட்டுகிறது. சரி, அடிமடியிலேயே கை வைப்போம் என்று பிளாஸ்மினோஜன் ஜீனை நீக்கிய எலிக்கு வந்தோம்.

1995-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியிலும் பெல்ஜியத்தின் லூவெனிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இந்த எலியை உருவாக்கின. நான் அப்போது அமெரிக்காவில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்). சின்சினாட்டி வம்சம் ஆய்வு எலிகளை வழங்கும் மெயின் மாநிலத்து ஜாக்சன் லேப் வழியாகக் கிடைத்தது.

நாக்அவுட்டையும் நாக்அவுட்டையும் ஜோடி சேர்த்தால் எல்லாக் குட்டியும் நாக்அவுட்தானே, வேலை சுலபமாச்சே என்று தோன்றும். அந்தத் தாய் நோஞ்சான். அதோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கூடப்பிறந்த சாதாரணக் குட்டியும் இருக்காது. அதனால் ஹெட்டெரோ ஜோடிகள்தான், அதாவது ஜீனின் இரண்டு பிரதியில் ஒன்று மட்டும் நீங்கிய எலிகள். மெண்டல் கணக்கில் நாலில் ஒன்று நாக்அவுட். ஆண் மட்டும் வேண்டுமென்றால் எட்டில் ஒன்று. ஒரே வயதில் ஒரு கூட்டம் சேர்க்க எத்தனை கூண்டு வேண்டும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். கூண்டு வாடகை பில்லைப் பார்த்து எங்கள் பேராசிரியர் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது.

மூன்று வாரத்தில் தாயிடமிருந்து பிரிக்கும்போது காதில் துளை போட்டு, அந்தத் துணுக்கிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பிசிஆர், அதாவது வேண்டிய ஜீன் துண்டைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை. துண்டுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஹெட்டெரோவுக்கு இரண்டு பேண்ட் (பட்டை), மற்றவற்றுக்கு ஒவ்வொன்று. இது பழகிவிட்டால் அலுப்பான வேலை, அவ்வளவுதான்.

உண்மையான போராட்டம் அப்புறம்தான். சின்ன வயதில் நாக்அவுட் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வளர வளர எடை ஏறாமல் நிற்கும், பிறகு இறங்கும். குடலில் புண், ஆசனவாய் வெளித்தள்ளல். சிலவற்றுக்குக் கண்ணில் மரக்கட்டை போலக் கெட்டியான சவ்வு படரும். பிளாஸ்மினோஜன் குறைவாகப் பிறக்கும் மனிதர்களுக்கும் இதே கண் நோய் வருகிறது. அவர்களுக்கான பிளாஸ்மினோஜன் மருந்துக்கு அமெரிக்காவில் 2021-இல்தான் அனுமதி கிடைத்தது. ஆகவே வயதான எலியில் என்ன வித்தியாசம் தெரிந்தாலும், அது கட்டி கரையாததாலா, எலியே நலிந்துவிட்டதாலா என்று பிரிக்க முடியாது. இளம் வயதிலேயே சோதனையை முடிப்பது, கூண்டுக்குள் மெத்தென்ற தீனி வைப்பது, வாரந்தோறும் எடை பார்ப்பது, எந்த அளவுக்கு மேல் எடை குறைந்தால் கருணைக்கொலை என்று முன்கூட்டியே எழுதிவைப்பது என்று விலங்கு நெறிமுறைக் கமிட்டியோடு பேசி வைத்துக்கொண்டோம். கால்நடை மருத்துவர் நல்ல மனுஷி. சந்தேகம் வந்தால் கூண்டு அட்டையில் குறித்துவிட்டு அன்றைக்கே போன் செய்வார்.

சோதனை என்னவோ எளிமையானது. உறையாமல் தடுக்கும் சிட்ரேட்டில் எடுத்த ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து, உறையவைக்கக் கால்சியமும் திராம்பினும், கரைக்க டிபிஏவும் சேர்த்துத் தட்டில் வைத்தால், கட்டி உறையும்போது கலங்கல் ஏறும், கரையும்போது இறங்கும். சாதாரண எலியின் கோடு மலை மாதிரி ஏறி இறங்கியது. நாக்அவுட்டின் கோடு ஏறி, அப்படியே மேலே நின்றுவிட்டது. சுத்தப்படுத்திய பிளாஸ்மினோஜனைச் சேர்த்ததும் அதுவும் இறங்கியது. அந்த மூன்றாவது கோடு இல்லாமல் முதல் இரண்டை வைத்து யாரையும் நம்பவைக்க முடியாது.

இந்த எலியை எடுக்கப்போகிறவர்கள் ஃபைப்ரினாக மாறும் ஃபைப்ரினோஜனும் இல்லாத இரட்டை நாக்அவுட்டைப் பற்றியும் படித்துவிடுங்கள். ஃபைப்ரினோஜனையும் நீக்கினால் இந்த உபாதைகளில் பெரும்பாலானவை மறைகின்றன என்று சின்சினாட்டி குழுவே 1996-இல் காட்டியது. எலி நலிவதற்குக் காரணம் கரையாமல் தேங்கும் ஃபைப்ரின்தானா, பிளாஸ்மின் செய்யும் வேறு வேலையா என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல அந்த எலிதான் வேண்டும்.