பேனலுக்குள் பேனல்

ஸ்பார்க் பிளக் மாற்றுவது சின்ன வேலைதான். பைக்கில் அதைக் கண்ணால் பார்ப்பதற்குத்தான் அரை நாள் வேண்டும்.

சீட்டைக் கழற்றினால் பக்கவாட்டு பேனலின் திருகு தெரிகிறது. அதை எடுத்தால் டேங்க் ஓரத்து பேனலின் போல்ட். எல்லாம் கழற்றிய பிறகும் அசைய மறுக்கிறது என்றால், எங்கோ ஒரு பிளாஸ்டிக் கிளிப் ஒளிந்திருக்கிறது என்று பொருள். சில கிளிப்புகளின் நடு ஊசியை உள்ளே அழுத்த வேண்டும். சிலவற்றில் வெளியே இழுக்க வேண்டும்.

ரப்பர் வளையத்துக்குள் செருகியிருக்கும் முளைதான் பெரிய எதிரி. நேராக இழுத்தால் வரும், கொஞ்சம் சாய்த்தால் முறியும். குளிரில் பிளாஸ்டிக் விறைத்துப்போவதால் இன்னும் மோசம். (ஹேர் டிரையரால் லேசாகச் சூடேற்றினால் இளகிக்கொடுக்கும்.) பல ஜப்பானிய பைக்குகளின் கூட்டல்குறித் திருகுகள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தொழில்துறைத் தரத்தில் செய்யப்பட்டவை, வழக்கமான பிலிப்ஸ் திருப்புளி அவற்றில் சரியாக உட்காராமல் வழுக்கி, தலையையே மழுக்கிவிடும்.

இதை வடிவமைத்தவர் ஒரு முறையாவது தன் கையால் கழற்றிப் பார்த்திருப்பாரா?

போல்ட்டுகளின் நீளம் வேறு ஒன்றுபோல் இல்லை. நீளமானதைக் குட்டையானதன் இடத்தில் முடுக்கினால் உள்ளே எதையாவது முட்டும். அதனால் கழற்றிய வரிசையிலேயே அட்டையில் குத்தி வைத்திருக்கிறேன். பூனை அந்தப் பக்கம் வராமல் இருக்க வேண்டும்.