ஜார்ஜியா: கூப்பிட்டு உக்காரவச்சு சோறு போட்ட ஊரு

ஊருக்கு வந்து பேக்கைக்கூட இன்னும் பிரிக்கல, அதுக்குள்ள எழுதிரணும்னு உக்காந்துட்டேன். காலேஜ் முடிஞ்சு வேலைல சேர்ற தேதி வர்றதுக்குள்ள ஒரு வெளிநாடு பாத்துரணும்னு நாங்க மூணு பேரும் ஃபைனல் இயர்லயே பேசி வச்சிருந்தோம், பார்ட் டைமா ட்யூஷன் எடுத்த காசு, வீட்ல கெஞ்சி வாங்கின காசு எல்லாத்தையும் போட்டு ஜார்ஜியா போயிட்டு வந்திருக்கோம். அமெரிக்காவுல இருக்கற ஜார்ஜியா இல்ல, துருக்கிக்கும் ரஷ்யாவுக்கும் நடுவுல, காகசஸ் மலைல இருக்கற நாடு. "அங்க என்னடா இருக்கு, பேசாம தாய்லாந்து போங்க"ன்னு சொன்ன எல்லாருக்கும் சேத்து ஒரே பதில்: அந்த ஊரு ஜனங்க இருக்காங்க, அது போதும்.

முதல்ல விசா, அப்புறம் பஸ், அப்புறம் சாப்பாடு, கடைசியா நைட் லைஃப்னு வரிசையா எழுதலாம்னு இருக்கேன். விசா சிம்பிள், ஆன்லைன்ல இ-விசா போடணும், அமெரிக்கா விசாவோ ஷெங்கன் விசாவோ கைல இருந்தா அதுவும் வேண்டாம். ஆனா நம்ம பாஸ்போர்ட்ல போற சின்னப் பசங்கள ஏர்போர்ட்ல நெறைய கேள்வி கேப்பாங்க, அதனால ரிட்டர்ன் டிக்கெட், ரூம் புக்கிங், இன்சூரன்ஸ் எல்லாத்தையும் பேப்பர்லயே பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க, போன்ல காட்டிக்கலாம்னு நெனைக்காதீங்க.

அடுத்து டாக்ஸி. இத நெனச்சா எனக்கு இன்னும் கொதிக்குது. தலைநகரம் திபிலிசி ஏர்போர்ட்ல வெளிய வந்த உடனே ஒருத்தர் பேக்க கைலயே புடிச்சுட்டாரு, சிட்டிக்கு 100 லரியாம். 1 லரி நம்ம காசுக்கு 30 ரூபாய்க்கு மேல, கணக்குப் போட்டுப் பாருங்க. ஆப்ல பாத்தா அதுல பாதிகூட வரல. "பஸ் எல்லாம் கெடையாது, ராத்திரி ஆயிடுச்சு"ன்னு முகத்தப் பாத்து பொய் சொல்றாரு, அவருக்குப் பின்னாடியே 337ம் நம்பர் பஸ் வந்து நிக்குது. நாங்க போனப்போ டிக்கெட் 1 லரி, பேங்க் கார்டையே மெஷின்ல தட்டிட்டு ஏறிக்கலாம், ருஸ்தவேலி அவென்யூ வழியா நேரா சிட்டிக்குள்ள போயிடுது. தயவுசெஞ்சு ஏர்போர்ட் வாசல்ல நிக்கற யாருக்கும் தலையாட்டாதீங்க. மூணு பேரோட ஒரு நாள் சாப்பாட்டுக் காசு அது.

திபிலிசில பழைய ஊரு, நரிகலா கோட்டை, கந்தக வெந்நீர் குளியல் எல்லாத்தையும் எல்லாரும் எழுதியிருக்காங்க, நான் அத விட்டுடறேன், ஏன்னா கிழக்குப் பக்கம் இருக்கற ககேதி பகுதி பத்தி சொல்றதுக்கு எனக்கு கை துடிக்குது. சம்கோரி மெட்ரோ பக்கத்துல இருந்து ககேதில இருக்கற சிக்னாகிக்கு மர்ஷ்ரூத்கா, அதாவது அந்த ஊரு ஷேர் வேன், கெளம்புது. சிக்னாகி அழகுதான், கோட்டை மதிலு, கீழ அலசானி பள்ளத்தாக்கு, எதுத்தாப்புல பனி மலை. ஆனா டூரிஸ்ட் ஊரு, ஒரு டீக்கே யோசிக்க வேண்டியிருந்துச்சு. அதனால போத்பே மடாலத்துக்கு நடந்தே போயிட்டு அப்படியே கீழ திராட்சைத் தோட்டங்க பக்கம் எறங்கினோம். செப்டம்பர் கடைசி, திராட்சை அறுவடை சீசன், அத ர்த்வேலின்னு சொல்றாங்க. ரோட்டோரமா ஒரு குடும்பமே நின்னு பறிச்சுட்டு இருந்தாங்க, நாங்க சும்மா கை காட்டினோம், பதிலுக்கு ஒரு பெரியவரு வாளிய தூக்கிக் காட்டி வாங்கன்னாரு. போனோம். சாயங்காலம் வரைக்கும் அவங்களோட சேந்து பறிச்சோம்.

அப்புறம் நாங்க கெளம்பறோம்னு சொன்னா விடவே இல்ல. வீட்டுக்குப் பின்னாடி ஷெட்டு மாதிரி ஒரு எடம், அதுதான் மரானி, தரைல கழுத்து மட்டும் தெரியற மாதிரி பெரிய பெரிய மண் தாழிங்களப் பொதச்சு வச்சிருக்காங்க, பேரு க்வெவ்ரி. திராட்சையத் தோல், வெத, காம்போட மிதிச்சு இதுக்குள்ள விட்டு மூடி மாசக்கணக்கா வச்சிடறாங்க. ஜார்ஜியால 8000 வருஷத்துக்கு முந்தின பானைலயே வைன் செஞ்ச தடயம் கெடச்சிருக்கு, இந்த க்வெவ்ரி முறைய 2013ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. அந்தப் பெரியவருக்கு யுனெஸ்கோ எல்லாம் பேச்சே இல்ல, அவங்க தாத்தா பொதச்ச தாழி இதுன்னு தட்டிக் காட்டினாரு, அவ்ளோதான்.

டேபிள் போட்டாங்க பாருங்க. தட்டு மேல தட்டு, எடம் இல்லாம ஒண்ணு மேல ஒண்ணு சாய்ச்சு வைக்கறாங்க. எங்க கூட வந்தவன்ல ஒருத்தன் சுத்த சைவம், பாவம் ரொட்டியும் வெள்ளரிக்காயும்தான்னு நெனச்சேன், அவன்தான் எங்கள விட அதிகமா சாப்பிட்டான். கத்திரிக்காய வதக்கி உள்ள அக்ரூட் வெழுது வச்சு மேல மாதுளை முத்து தூவினது, லோபியோன்னு பீன்ஸ் கொழம்பு மாதிரி ஒண்ணு, கீரையும் அக்ரூட்டும் சேத்து இடிச்ச ப்ஹாலி, சீஸ் வச்ச ஹச்சாபூரி. கொத்தமல்லி அள்ளிப் போடறாங்க, வெந்தய வகைல ஒரு பொடி போடறாங்க, துலுக்க சாமந்திப் பூவக் காயவச்சு இடிச்சு அதையும் மசாலாவுல சேக்கறாங்க. ஐரோப்பா பக்கம் சாப்பாடு சப்புனு இருக்கும்னு சொல்றவங்க இங்க வந்து சாப்பிடணும்.

இந்த விருந்துக்கு சுப்ரான்னு பேரு, அதுக்கு தமதான்னு ஒருத்தர் தலைவர். அவரு எந்திரிச்சுப் பேசாம யாரும் கிளாஸ வாயில வைக்கக் கூடாது. முதல்ல சமாதானத்துக்கு, அப்புறம் நாட்டுக்கு, பெத்தவங்களுக்கு, கொழந்தைங்களுக்கு, செத்துப்போனவங்களுக்குன்னு ஒவ்வொண்ணுக்கும் நிறுத்தி நிதானமா பேசறாரு, முடிச்சதும் எல்லாரும் "கௌமார்ஜோஸ்!"னு சொல்லிக் குடிக்கணும், நம்ம சியர்ஸ் மாதிரி. செத்துப்போனவங்களுக்குப் பேசும்போது எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க, அந்த வீட்டு அம்மா கண்ண தொடச்சுக்கிட்டாங்க. காலேஜ் படிக்கற அவங்க வீட்டுப் பேத்திதான் எங்களுக்கு இங்கிலீஷ்ல மாத்தி மாத்தி சொன்னா. எங்க செட்ல இன்னொருத்தன் குடிக்க மாட்டான், தயங்கிட்டே சொன்னான், உடனே அன்னிக்குப் புழிஞ்ச திராட்சை ஜூஸ கிளாஸ் நெறைய ஊத்திக் குடுத்து, பேசறதுதான் முக்கியம்னுட்டாரு தமதா. நம்ம ஊரு பார்ட்டில இந்த மரியாத கெடைக்குமா? "ஒரு ரவுண்டு அடிடா"ன்னு உயிர எடுப்பாங்க.

இந்தியான்னு சொன்ன உடனே பெரியவரு ராஜ் கபூர்னாரு, அந்தக் கால சோவியத் ஆளுங்களுக்கு அவருன்னா உயிரு. அப்புறம் திடீர்னு எந்திரிச்சு கேதேவான் ராணி பேர சொன்னாரு. ககேதியோட ராணி, 1624ல பாரசீகத்துல ஷிராஸ்ல கொன்னுட்டாங்க, அவங்க எலும்புல ஒரு பகுதி கோவாவுல ஒரு பழைய சர்ச் இடிபாட்டுல கெடச்சு, 2021ல நம்ம அரசாங்கம் ஜார்ஜியாகிட்ட ஒப்படச்சது. நாங்க யாரும் கேள்விப்பட்டதே இல்ல, அவங்க அத அவ்ளோ பெருசா வச்சிருக்காங்க, அதுக்காகவே இந்தியாவுக்குன்னு தனியா ஒரு தடவ கிளாஸத் தூக்கினாங்க.

பாட்டு வேற. மூணு பேரு மூணு குரல்ல, வாத்தியமே கெடையாது, ஷெட்டே அதிருது. 1977ல நாசா வாயேஜர் விண்கலத்துல வச்சு அனுப்பின தங்க இசைத்தட்டுல ககேதி பாட்டு ஒண்ணு இருக்குன்னு பேத்தி பெருமையா சொன்னா. அப்புறம் எங்களப் பாடச் சொல்லிட்டாங்க, நாங்க இளையராஜா பாட்டு ஒண்ணு எடுத்து விட்டோம், தமதா டேபிள்ல தாளம் போட்டாரு. ராத்திரி அங்கேயே படுக்கப் போட்டாங்க. காலைல நான் காச நீட்டினேன், அந்த அம்மா நெஜமாவே கோவப்பட்டாங்க. காசுக்குப் பதிலா அவங்கதான் எங்க பேக்ல சுர்ச்ஹேலாவும், அக்ரூட்ட நூல்ல கோத்து திராட்சைச் சாறுல முக்கிக் காயவச்சது, ஒரு பிளாஸ்டிக் பாட்டில் வைனும் திணிச்சு அனுப்பினாங்க. வீட்ல காய்ச்சற சாராயம், சாச்சான்னு பேரு, அத மட்டும் பாத்துக் குடிங்க, தண்ணி மாதிரி இருக்கும், ஆள சாச்சிடும்.

கஸ்பெகி மலை பத்தி சுருக்கமா. அங்க போக திபிலிசில திதுபே பஸ் ஸ்டாண்டுல ஏறணும், டாக்ஸிக்காரங்க "வேன் இல்ல, போயிடுச்சு"ன்னு சுத்தி நின்னு கத்துவாங்க, நம்பாதீங்க, உள்ள நடந்தா வேன் நிக்கும். எங்க வேன்ல முட்டி மடக்கக்கூட எடமில்ல, ஜன்னல் தெறக்கல, ரஷ்யா பார்டருக்குப் போற லாரி வரிசைக்கு நடுவுல டிரைவர் ஓவர்டேக் பண்ணின விதம் மன்னிக்கவே முடியாது. ஆனா 2170 மீட்டர் ஒசரத்துல கெர்கெத்தி சர்ச் மேகத்துக்குள்ள இருந்து வெளிய வந்தப்போ வந்த கஷ்டத்துக்குத் தகும்னு தோணுச்சு.

கடைசி வெள்ளிக்கிழமை திபிலிசி ராத்திரிக்குன்னு காச ஒதுக்கி வச்சிருந்தோம். சாயங்காலம் ஃபாப்ரிகா, சோவியத் காலத்து தையல் ஃபேக்டரி, இப்போ ஹாஸ்டலும் பாரும், முற்றத்துல ஒரு பீர வாங்கிட்டு எவ்ளோ நேரம் வேணா உக்காரலாம், யாரும் தொரத்த மாட்டாங்க. அங்க பழகின ஒரு திபிலிசி ஜோடிதான் எங்கள பஸ்ஸியானிங்கற நைட் கிளப்புக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டினாமோ ஸ்டேடியத்துக்கு அடில, தண்ணி இல்லாத ஒரு நீச்சல் குளம், அதுதான் டான்ஸ் ஃப்ளோர். டிக்கெட் வெல எங்க பட்ஜெட்டுக்கு வலிச்சுது, முன்னாடியே ஆன்லைன்ல பேர் பதியணும், வாசல்ல ஆளப் பாத்துதான் விடறாங்க, போன் கேமராவுல ஸ்டிக்கர் ஒட்டிடறாங்க. அந்த ஸ்டிக்கர் எவ்ளோ நல்ல விஷயம்னு உள்ள போனதும் புரிஞ்சுது. யாரும் ரீல்ஸ் எடுக்கல, யாரும் யாரையும் மொறச்சுப் பாக்கல, பொண்ணுங்க தனியா நிம்மதியா ஆடறாங்க. 2018 மே மாசம் போலீஸ் ஆயுதத்தோட உள்ள புகுந்தப்போ, ஆயிரக்கணக்குல பசங்க பார்லிமென்ட் முன்னாடி போய் ஸ்பீக்கர் வச்சு ஆடியே போராட்டம் பண்ணினாங்க, அந்த ஜோடில இருந்த பொண்ணும் அதுல இருந்தாளாம், வர்ற வழில அந்த எடத்த நிறுத்திக் காட்டினா. இது வெறும் பப்பு இல்ல அவங்களுக்கு.

ஒரு எச்சரிக்கை, ருஸ்தவேலி பக்கம் ராத்திரில வலிய வந்து சிரிச்சுப் பேசி "எனக்குத் தெரிஞ்ச பாருக்குப் போலாம்"னு யாராவது கூப்பிட்டா போகாதீங்க, பில்லப் பாத்தா மயக்கம் வரும், வாசல்ல தடியனுங்க நிப்பானுங்க. வெல எழுதின மெனு இல்லாத எடத்துல உக்காரவே உக்காராதீங்க.

விடிஞ்சு வெளிய வந்து ரொட்டிக் கடைல சுடச்சுட ஷோத்தி ரொட்டி, ஒண்ணு ரெண்டு லரிதான், அப்புறம் அந்த ஜோடியோட போயி கின்காலி, நம்ம கொழுக்கட்டைக்குள்ள சூப்ப ஊத்தின மாதிரி. முள்கரண்டியால குத்தாதீங்க, குடுமியப் புடிச்சு கடிச்சு சூப்ப உறிஞ்சிட்டு குடுமிய தட்டுல போட்டுடணும். எங்க பில்லயும் அவங்களே குடுத்துட்டாங்க, சண்ட போட்டும் விடல. போறவங்க செப்டம்பர் கடைசி, அக்டோபர் பாத்து போங்க, ககேதிக்குக் கண்டிப்பா நாள் ஒதுக்குங்க, வெறுங்கையோட போகாம நம்ம ஊரு ஸ்வீட்டு ரெண்டு பாக்கெட் எடுத்துட்டுப் போங்க, காசுதான் வாங்க மாட்டாங்க, அத வாங்கிப்பாங்க.