பிள்ளைகள் எழுத்துக்கு மதிப்பெண்: ஏற்காட்டு நாட்குறிப்பு

நவம்பர் 11, 2024, திங்கள்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எங்கள் பள்ளி வலைப்பூவில் எழுதுவதற்கு இந்த அரையாண்டிலிருந்து மதிப்பெண் உண்டு என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். ஒரு தாளும் கொடுத்தார். எத்தனை சொல், படம் உண்டா, எழுத்துப் பிழை எத்தனை, பின்னூட்டம் எத்தனை. நாலுக்கும் தலா ஐந்து. நல்ல எண்ணத்தோடு தயாரித்த தாள்தான். ஆனால் எண்ணிப் பார்க்க முடிந்தது மட்டுமே அதில் இருக்கிறது.

சாயங்காலம் ஹைடெக் லேபில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி படித்தேன். பாதிக்கு மேல் ஒரே தொடக்கம்: "ஏழைகளின் ஊட்டி என்று அழைக்கப்படும் ஏற்காடு, இயற்கை எழில் கொஞ்சும் மலைவாசஸ்தலம்." அப்புறம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள், லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி. பிழை தேடினாலும் கிடைக்காது. தாளின்படி போட்டால் இருபதுக்குப் பதினெட்டு வந்துவிடும்.

எழுதியவர்கள் நாகலூரிலும் மஞ்சக்குட்டையிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். அவர்கள் வீட்டில் யாரும் லேடீஸ் சீட்டில் நின்று சூரியன் மறைவதைப் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் களத்தில் காய்ந்த காப்பியைக் குவித்துத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருப்பார்கள். சொந்த ஊரை டூரிஸ்ட் பஸ்ஸில் வந்து இறங்கியவர் கண்ணால் எழுதுகிறார்கள். என் கவலை அதுதான்.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தின விழா மத்தியானத்தோடு முடிந்தது. அறிவியல் சாரும் நானும் ஒரே கட்டுரைகளைத் தனித்தனியாகத் திருத்திப் பார்த்தோம். கிளியூர் அருவியைப் பற்றி ஒரு பெண் எழுதியதற்கு அவர் பத்துக்கு ஒன்பது, நான் நாலு. அவர் கண்ணில் பட்டது தகவல். என் கண்ணில் பட்டது, அந்தத் தகவலில் ஒன்றுகூட அவள் பார்த்ததல்ல என்பது.

இது எங்கள் இருவர் சிக்கல் மட்டுமல்ல. 1961-இல் அமெரிக்காவில் பால் டீடரிக் என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் 300 மாணவர் கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து, ஒன்பது தரமாகப் பிரிக்கச் சொன்னார்கள். ஆசிரியர்கள் மட்டுமல்ல, எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள், வணிகர்களும் படித்தார்கள். 94 சதவீதக் கட்டுரைகளுக்கு ஏழோ அதற்கு மேலோ வெவ்வேறு தரம் விழுந்தது. ஐந்து வெவ்வேறு தரமாவது வாங்காத கட்டுரை ஒன்றுகூட இல்லை. ஒருவர் கருத்தைப் பார்க்கிறார், ஒருவர் அமைப்பை, ஒருவர் பிழையை, ஒருவர் சொல்லாட்சியை, இன்னொருவர் எழுதியவரின் குரலை. எதைப் பார்ப்பது என்று முன்கூட்டிப் பேசிக்கொள்ளாமல் போடுகிற மதிப்பெண், திருத்துகிறவரைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

நவம்பர் 21, வியாழன்

இணையத்தில் கிடைக்கிற மதிப்பீட்டு அட்டவணைகளை எல்லாம் புரட்டிவிட்டு, கடைசியில் நன்னூலுக்கு வந்து சேர்ந்தேன். பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் பாயிரத்தில் அடுக்கி வைத்த பத்துக் குற்றமும் பத்து அழகும். நாங்கள் மனப்பாடம் பண்ணி ஒப்பித்துவிட்டு மறந்ததுதான். பிள்ளைகளின் கட்டுரையைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒவ்வொன்றும் உயிரோடு இருக்கிறது.

"ஏழைகளின் ஊட்டி" வரி வெற்றெனத் தொடுத்தல், பொருளில்லாமல் வெறும் சொல்லை அடுக்குவது. ஏரியில் தொடங்கி மே மாதக் கோடை விழாவுக்குத் தாவி, மலர்க் கண்காட்சியில் முடிகிற கட்டுரை மற்றொன்று விரித்தல். ஆரவாரமாக ஆரம்பித்து, "எனவே மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்" என்று ஓய்ந்து போகிறதே, அது சென்று தேய்ந்து இறுதல். காப்பியை ஆங்கிலேயர் கொண்டுவந்தார்கள் என்று மேலே எழுதி, பழங்காலம் முதலே இங்கே காப்பி விளைகிறது என்று கீழே எழுதினால் மாறுகொளக் கூறல். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்தவர். அந்தப் பையன் இரண்டு இடத்திலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறான், இரண்டும் மோதுவதைக் கவனிக்கவில்லை.

வெட்டி ஒட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே வாழ்ந்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டைப் பற்றி மூன்று பேர் எழுதினார்கள், மூன்றும் ஒரே வாக்கியம். இப்போது செல்போனில் கேட்டால் கட்டுரையே எழுதித் தருகிறது. அதைத் திட்டித் தீராது. நேரில் போகாமல், யாரையும் கேட்காமல் எழுதிவிட முடிகிற தலைப்பை நாம் கொடுக்கும்வரை பிள்ளைகள் அப்படித்தான் எழுதுவார்கள். அடுத்த வாரத் தலைப்பை மாற்றிவிட்டேன்: உங்கள் வீட்டிலிருந்து பத்தடிக்குள் நடக்கிற ஒரு வேலை.

நவம்பர் 27, புதன்

எங்கள் வலைப்பூவை ஊரெல்லாம் படிக்க முடியாது. பெற்றோர், பள்ளியில் படித்துப் போனவர்கள், கீழே சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஒன்பதாம் வகுப்பு, அவ்வளவுதான். பெயர் கிடையாது, முகம் தெரிகிற படம் கிடையாது. 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. நாங்கள் எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்கியிருக்கிறோம்.

பின்னூட்டம் எத்தனை என்று தாள் கேட்கிறது. "சூப்பர்", "செம", "வாழ்த்துகள் தோழி" என்று வந்தால் எத்தனை வந்தும் என்ன? இந்த வாரம் ஒரே ஒரு நல்ல பின்னூட்டம் வந்தது. ஒண்டிக்கடைப் பக்கத்துப் பெண், அப்பா வேலை செய்யும் எஸ்டேட்டில் காப்பிச் செடி, சில்வர் ஓக் மரம், மிளகுக் கொடி இருக்கின்றன என்று எழுதியிருந்தாள். சேலத்துப் பையன் கேட்டான்: "மூணையும் ஏன் ஒரே இடத்துல வைக்கறாங்க? தனித்தனியா வச்சா என்ன?"

இரண்டு நாள் கழித்து அவள் பதில் போட்டாள். காப்பிக்கு நேர் வெயில் ஆகாது, அதனால் நிழலுக்கு ஓக். ஓக் நேராக வளர்வதால் மிளகுக் கொடி ஏற வசதி. நிழல் கூடிப் போனால் பூ குறையும், அதனால் அப்பா கிளையைக் கவாத்து பண்ணுவார். வெட்டிய இலை அங்கேயே கிடந்து மட்கும். எல்லாம் அப்பாவைக் கேட்டு எழுதியது.

அறிவியல் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிக்ஸ், காலிஸ் என்ற இரண்டு கல்வியாளர்கள் 1982-இல் வகுத்த படிநிலைகளைச் சொன்னார். பல செய்திகளை வரிசையாக அடுக்குவது ஒரு நிலை, அவற்றுக்குள்ளே இருக்கிற உறவைச் சொல்வது அதற்கு அடுத்த நிலை. "டீச்சர், ஒரு கேள்வியில இந்தப் பொண்ணு ஒரு படி ஏறிடுச்சு பாருங்க" என்றார். முதல் கட்டுரையை மட்டும் பார்த்து எண் போட்டிருந்தால் அந்த ஏற்றம் எங்கே பதிவாகும்?

டிசம்பர் 2, திங்கள்

பள்ளி விடுமுறை. ஃபெஞ்சல் புயல் சனி இரவு புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்ததிலிருந்து இங்கே மழை விட்டபாடில்லை. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுவிட்டது. கரண்ட் இல்லை. பிள்ளைகள் வீட்டு ஓடுகள் என்ன ஆயிற்றோ.

டிசம்பர் 6, வெள்ளி

புயலைப் பற்றி யாரும் எழுதச் சொல்லவில்லை, பிள்ளைகளே எழுதியிருக்கிறார்கள். இரண்டை மட்டும் குறித்து வைக்கிறேன்.

முதலாவது: "ஃபெஞ்சல் புயல் எதிரொலியாக ஏற்காட்டில் வரலாறு காணாத கனமழை கொட்டித் தீர்த்தது. பொதுமக்கள் கடும் அவதிக்குள்ளாகினர்." மூன்று பத்தி, படமும் உண்டு. அது எந்த ஊர்ப் படமோ.

இரண்டாவது நாகலூர்ப் பையனுடையது. "ஞாயித்துக்கிழமை ராத்திரி களத்துல காப்பி இருந்துச்சு. தார்ப்பாய் மேல கல்லு வச்சோம். காத்து கல்லையே நகத்திருச்சு. விடிஞ்சு பாத்தா காப்பி வாய்க்கால்ல நிக்குது. அம்மா முறத்துல அள்ளுச்சு. மோந்து பாத்தா புளிச்ச மாவு வாசம். வியாபாரி ஒரு கை எடுத்து மோந்துட்டுக் கீழ போட்டுட்டாரு." அவ்வளவுதான். படம் இல்லை.

தலைமையாசிரியர் தாளின்படி முதலாவதற்குப் பதினேழு, இரண்டாவதற்கு ஏழு. நான் படித்துவிட்டு எழுந்து ஜன்னல்வரை நடந்து வந்தேன். அந்த வியாபாரியின் கை எனக்குத் தெரிகிறது. நன்னூல் சொல்கிற சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் இதற்கு மேல் எப்படி இருக்கும்?

சாருக்கு இரண்டு ஆட்சேபணை. "பேச்சுத் தமிழா இருக்கே, நன்னூல் குற்றம்னு சொல்ற வழூஉச்சொல், அதாவது பிழையான சொல், கணக்குல வராதா? அப்புறம், எத்தனை மூட்டை போச்சுன்னே இல்லையே?" இரண்டாவது சரியான கேள்வி. அது குன்றக் கூறல், சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது, பையனிடம் கேட்கத்தான் வேண்டும். முதலாவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பரீட்சைத் தாளில் எழுத்துத் தமிழ் வேண்டும், அதை வகுப்பில் விடாமல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் பதினாலு வயதுப் பையன் தன் வீட்டு நஷ்டத்தை எழுத வரும்போது, வாசலிலேயே நிறுத்தி "இருந்துச்சு" தப்பு என்று சிவப்பு மை காட்டினால், அடுத்த முறை அவனும் "வரலாறு காணாத" என்றுதான் தொடங்குவான்.

டிசம்பர் 13, வெள்ளி

அரையாண்டுத் தேர்வு நடக்கிறது. நாகலூர்ப் பையன் தேர்வு முடிந்த கையோடு வந்து நின்றான். "தமிழம்மா, கீழ இருந்து ஒருத்தன் கேட்டிருக்கான், நனைஞ்ச காப்பிய மறுபடி காய வச்சா ஆகாதான்னு. அப்பாகிட்ட கேட்டேன். மெலிசாப் பரப்பி கிண்டிக்கிட்டே இருந்தா கொஞ்சம் தேறும், ஆனா பூஞ்சை வந்தா வாசம் போயிரும், விலையும் போயிரும்னாரு. சேத்து எழுதட்டுமா?" மூட்டைக் கணக்கையும் அவனே சொன்னான். தன் கட்டுரைக்கு எத்தனை மதிப்பெண் என்று அவன் கேட்கவே இல்லை.

ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இஸ்ரேல் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு குழுவுக்குக் குறிப்புரை மட்டும், ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்கு இரண்டும். குறிப்புரை மட்டும் வாங்கியவர்கள்தான் முன்னேறினார்கள், ஆர்வமும் குறையவில்லை. இரண்டும் வாங்கியவர்கள் மதிப்பெண் மட்டும் வாங்கியவர்கள் மாதிரியே நின்றுவிட்டார்கள். எண்ணைப் பார்த்ததும் பிள்ளை கீழே எழுதியதைப் படிப்பதில்லை. பரீட்சைத் தாள் கொடுக்கிற எந்த ஆசிரியருக்கும் இது தெரியும்.

ஜனவரி 3, 2025, வெள்ளி

தலைமையாசிரியரிடம் பேசினோம். எண்ணே வேண்டாம் என்றுதான் கேட்டேன். "பதிவேட்டுல ஏத்த ஒரு எண் வேணும் டீச்சர், அது என் கையில இல்ல" என்றார். அவர் நிலைமையும் நியாயம்தான். கடைசியில் இப்படி முடிவானது. ஒவ்வொரு கட்டுரைக்கும் குறிப்புரை மட்டும், அதுவும் ஒரே ஒரு கேள்வியாக. வருடக் கடைசியில் பிள்ளை தானே மூன்று கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்கும், முதலில் எழுதியதும் திருத்தியதும் சேர்த்து. அதைச் சாரும் நானும் இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்து எது மேல் என்று மட்டும் சொல்வோம். 1927-இல் தர்ஸ்டன் என்ற உளவியலாளர் வகுத்த ஒப்பீட்டு முறை அது. சும்மா வைத்துப் பார்த்தபோதே, பத்துக்கு எத்தனை என்பதில் முட்டிக்கொண்ட நாங்கள் இதில் பெரும்பாலும் ஒத்துப்போனோம். அந்த வரிசையிலிருந்து எண் வரும். எழுத்துப் பிழைக்கும் அதில் இடம் உண்டு, ஆனால் கடைசி இடம்.

செவ்வாய்ப்பேட்டைப் பிள்ளைகளின் கொலுசுப் பட்டறைக் கட்டுரை இன்று வந்திருக்கிறது. வெள்ளியை உருக்குவதும் கம்பி இழுப்பதும் விரிவாக இருக்கின்றன. பற்றவைக்கிற இடத்தை மட்டும் ஒரே வரியில் தாண்டிவிட்டார்கள். திங்கட்கிழமை முதல் பிரிவேளையில் எங்கள் பிள்ளைகள் கேள்வி எழுத வேண்டும். அந்த வரியில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.