“அவங்களா வந்தாங்களா சார்?”

“அவங்களா வந்தாங்களா சார், இல்ல ராஜா சொன்னதால வந்தாங்களா?”

தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு பள்ளிக் குழுவுக்கு வழிகாட்டியாகப் போயிருந்தபோது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். ராஜராஜ சோழன் கோயில் பணிக்காகக் கொண்டுவந்து குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைப் பற்றி அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன். “கல்வெட்டுல அது இல்லம்மா. ராஜா கொண்டுவந்து குடியேத்தினார்ங்கிறது வரைக்கும்தான் இருக்கு” என்றேன். அவள் மேலும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் கூட வந்திருந்த ஆசிரியர், “சரி சரி, வெயில் ஏறுது, நந்தியைப் பார்த்துட்டுக் கிளம்பலாம்” என்று பிள்ளைகளை நகர்த்திவிட்டார்.

நடந்தது இவ்வளவுதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஆனாலும் அந்தப் பதிலை நான் இன்னும் மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஏன் அந்தப் பேச்சை எடுத்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் நுழைகிறவர்கள் மூத்தவர்களிடமிருந்து முதலில் கற்றுக்கொள்வது மூன்று கதைகள். விமானத்தின், அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தின், நிழல் தரையில் விழாது. உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல். இந்தப் பெரிய நந்தியும் ராஜராஜன் வைத்தது. மூன்றும் உண்மையில்லை. நிழல் காலையில் மேற்கு முற்றத்தில் கிடக்கும், மாலையில் கிழக்கே நீளும். மார்கழியில் வந்து பாருங்கள், சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் உச்சிவெயிலில்கூட வடக்குப் பக்கம் சண்டிகேசுவரர் சன்னதி இருக்கும் வாக்கில் தரையில் தெளிவாக விழும். உச்சியில் இருக்கும் சிகரம் பல கற்களை இணைத்துச் செய்தது. நந்தி நாயக்கர் காலத்தது, அம்மன் சன்னதி பாண்டியர் காலத்தது. 1010-ல் முடிந்த கோயில் அப்படியே உறைந்துபோய் நம் முன்னால் நிற்கிறது என்று நினைக்கிறோம். அதில் பாண்டியர், நாயக்கர், மராட்டியர் எல்லோரும் கை வைத்திருக்கிறார்கள். சரபோஜி மன்னர் 1803-ல் தன் வம்ச வரலாற்றையே இங்கே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்.

இந்தக் கதைகளை நானும் சில காலம் சொன்னேன். எல்லோரும் சொல்கிறார்கள், கேட்கிறவர்களுக்கும் பிடிக்கிறது. ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு, வெயிலுக்காக ஒரு குடும்பத்தை விமானத்தின் நிழலிலேயே நிறுத்திவைத்துக்கொண்டு, நிழல் விழாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களும் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினார்கள். ஒருவர்கூடக் காலடியைக் குனிந்து பார்க்கவில்லை. அதன் பிறகு அந்தக் கதை என் வாயில் வரவில்லை.

அதன் இடத்தில் எதை வைப்பது என்று தேடியபோதுதான் கல்வெட்டுகளுக்குப் போனேன். இந்தக் கோயிலின் அதிசயம் என்று எனக்குப் படுவது அவைதான். “நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்” கல்லிலே வெட்டுக என்று அரசரே சொல்கிறார். சொன்னபடியே வெட்டியும் வைத்திருக்கிறார்கள். யார் எத்தனை கழஞ்சுப் பொன் கொடுத்தார், அந்தப் பொன் எங்கிருந்து வந்தது என்பது வரை. சேரனையும் பாண்டியர்களையும் வென்று எடுத்த பண்டாரத்திலிருந்து, அதாவது கருவூலத்திலிருந்து, கொடுத்தது என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறது. ஈழத்து ஊர்களிலிருந்து இந்தக் கோயிலுக்கு நெல் வரவேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. இந்தக் கோபுரத்துக்கு யார் யார் கொடுத்தார்கள், யாரிடமிருந்து எடுத்தது என்பதை மறைக்க வேண்டும் என்று ராஜராஜனுக்குத் தோன்றவில்லை. நாம்தான் மறைக்கிறோம்.

அந்த வரிசையில்தான் தளிச்சேரிப் பெண்டுகள் வருகிறார்கள். சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து, திருவையாறு, திருவாரூர், நாகப்பட்டினம், பழையாறை என்று பல ஊர்களிலிருந்து, 400 பெண்களைக் கொண்டுவந்து கோயிலைச் சுற்றித் தெருக்கள் அமைத்துக் குடியேற்றினார்கள். எந்தத் தெரு, எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், அவள் பெயர் என்ன, எல்லாம் இருக்கிறது. நக்கன் சேரமங்கை. நக்கன் எடுத்தபாதம். ஆளுக்கொரு வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். கூடவே நட்டுவர்கள், பாடுகிறவர்கள், மத்தளம் கொட்டுகிறவர்கள், விளக்கேற்றுகிறவர்கள், குயவர், வண்ணார், நாவிதர், கணக்கர் என்று ஒரு பெரிய பட்டியல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய 400 சாதாரணப் பெண்களின் பெயரும் முகவரியும் வேறு எந்த ஊரில் கிடைக்கும்? இதைச் சொல்லாமல் 80 டன் கல்லைச் சொல்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

இதுவரை என் பக்கம். இனி ஆசிரியர் பக்கம்.

வெளியே பேருந்தில் பிள்ளைகள் ஏறிக்கொண்டிருக்கும்போது அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. “சார், நீங்க படிச்சுச் சொல்றீங்க, தப்பில்ல. ஆனா இந்தப் பிள்ளைங்க பாதிப்பேர் தஞ்சாவூருக்கே முதல் தடவை வர்றாங்க. நம்ம ஆளுங்க எவ்வளவு பெருசா கட்டியிருக்காங்கன்னு பார்த்துட்டுப் போகட்டும்னு கூட்டிட்டு வந்தேன். ராஜா பொண்ணுங்களக் கூட்டியாந்து ஆட வச்சாராம்னு வீட்ல போய்ச் சொல்லும். அவங்க அப்பா அம்மா என்னைக் கேப்பாங்க.”

“ஆட வச்சாருன்னு நான் சொல்லலையே சார். வீடும் நெல்லும் கொடுத்ததைச் சொன்னேனே.”

“நீங்க சொன்னது வேற சார். அது காதுல விழுறது வேற.”

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. தேவதாசி முறையைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் வந்தது. அதற்கு முந்தைய காலத்தின் அவமானமும் ஏச்சும்தான் கோயிலில் ஆடிய பெண் என்றவுடன் இன்றைக்கு நம் காதில் விழுகிறது. அந்தக் காதோடு 1010-ஐக் கேட்டால் சேரமங்கை வேறொருத்தியாகிவிடுவாள். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அந்த இடைவெளியை ஐந்து நிமிடத்தில் விளக்க முடியுமா? முடியாது என்பது ஆசிரியரின் கட்சி. முடியாவிட்டால் பேசாதே என்கிறார். எனக்கு அது ஏற்கவில்லை. அப்படிப் பார்த்தால் போரில் எடுத்த பொன்னையும் சொல்லக்கூடாது, ஈழத்து நெல்லையும் சொல்லக்கூடாது. கடைசியில் மிஞ்சுவது நிழல் விழாத கோபுரம்தான்.

ஆனாலும் அந்த மாணவிக்கு நான் கொடுத்த பதில் என்னை விடமாட்டேன் என்கிறது. கல்வெட்டில் அது இல்லை என்பது உண்மை. உண்மையைச் சொன்னேன் என்று இருந்துவிடலாம். ஆனால் அதே கல்வெட்டில் வேறொன்று இருக்கிறது. இந்தப் பெண்களில் ஒருத்தி இறந்துபோனாலோ வேறு தேசம் போய்விட்டாலோ, அவளுக்குக் கொடுத்த பங்கு அவளுடைய நெருங்கிய உறவில் தகுதியுள்ளவருக்குப் போகவேண்டும் என்று எழுதியிருக்கிறது. போய்விட்டாலோ! அப்படியானால் போகவும் முடிந்ததா? போனவளைத் துரத்திப் பிடிப்பது பற்றி எதுவும் இல்லை, இடத்தை நிரப்புவது பற்றித்தான் இருக்கிறது. சில இரவுகளில் அந்த வரி அவர்களுக்கு ஒரு வாசல் திறந்திருந்ததற்குச் சாட்சி என்று தோன்றும். மறுநாளே, அது பங்கைப் பற்றிய கணக்கு, அவளைப் பற்றிய கவலை இல்லை என்று தோன்றும். இதைத்தான் அந்த மாணவி அடுத்துக் கேட்டிருப்பாளோ என்னவோ. கேட்டிருந்தாலும் என்னிடம் இதற்கு மேல் எதுவும் இல்லை. அரசனின் குரலில் வெட்டிய கல் அது. நூறு கலத்தை வாங்கிக்கொண்டவளின் குரல் அதில் எங்கேயும் இல்லை. கல்வெட்டை நம்பு, கதையை நம்பாதே என்று இத்தனை நாள் பேசிவந்தவன் நான். அந்தக் கேள்வியின் முன்னால் கல்வெட்டும் ஒரு பக்கத்துக் கதையாக நிற்கிறது.

கோயிலுக்கு வெளியே நிற்கும் ராஜராஜன் சிலையின் கீழ் எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். அது 1972-ல் வைத்தது. உள்ளே வைக்க அனுமதி கிடைக்காமல் வெளியே வந்தது. அந்த முகம் சிற்பி கொடுத்த முகம். உள்ளே ஓவியத்தில் கருவூர்த் தேவரோடு நிற்பது ராஜராஜன்தான் என்பதும் ஊகம்தான். முகம் தெரியாத ஒருவருக்குச் சிலை இருக்கிறது. முகமும் குரலும் தெரியாத 400 பேருக்கு வீட்டு எண் இருக்கிறது. ஒவ்வொரு முறை அந்த இடத்தைக் கடக்கும்போதும் இதை யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருக்கும். படம் எடுப்பவர்களின் அவசரத்தில் சொன்னதில்லை.

எனக்கு வேலை தரும் பயண நிறுவனத்துக்காரர் பிறகு ஒரு நாள் போன் செய்தார். “அண்ணே, நிழல் கதையைக் கேக்குறாங்கண்ணே. கைடு சொல்லவே இல்லன்னு எழுதுறாங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன்.” முடியாது என்றேன். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. தளிச்சேரிப் பகுதியில்தான் கொஞ்சம் மாறியிருக்கிறேன். இப்போதெல்லாம் வீட்டையும் நெல்லையும் முதலில் சொல்கிறேன், கொண்டுவந்ததைப் பிறகு சொல்கிறேன். இந்த வரிசையில் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அதனாலேயே அது எனக்கு உறுத்துகிறது.

அந்தப் பள்ளியிலிருந்து தை மாதம் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வருகிறார்களாம். அதே ஆசிரியர், வழிகாட்ட நானே வரவேண்டும் என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு விஷயம் மட்டும் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். வருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். மற்றதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. தெற்குத் தளிச்சேரியின் முதல் வீட்டிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.